எம்.எஸ்சி.யோடு வேலைக்குப் போவதா, முனைவர் பட்டத்தை முடித்துவிட்டுப் போவதா?

என் தங்கையின் மகள் உசிலம்பட்டியிலிருந்து தினமும் பேருந்தில் வந்து மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். கடைசிப் பருவம் முடியப்போகும் இந்த வேளையில் அவள் கையில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, மதுரையை ஒட்டிய ஒரு ரப்பர் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் மாதம் 20,000 ரூபாய் சம்பளத்துக்கு வந்திருக்கும் வேலைக் கடிதம். மற்றொன்று, அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில், முனைவர் பட்ட ஆய்வுக்கு மாத உதவித்தொகை பெற வழிசெய்யும் ஜே.ஆர்.எஃப். தகுதியோடு தேறியிருப்பதைக் காட்டும் மதிப்பெண் பட்டியல். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் என் முன்னால் வைத்து, "மாமா, நான் வாத்தியார் வேலைக்குப் போகப்போறதில்ல, கம்பெனிக்குத்தான் போவேன், அதுக்கு பி.எச்டி. வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "இன்னும் அஞ்சு வருசமா?" என்றதோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் எம்.எஸ்சி. பட்டத்தோடு ரப்பர் துறைக்குள் நுழைந்து எட்டு ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அதன் பிறகு வேலையை விட்டு முனைவர் பட்டம் முடித்து, மீண்டும் அதே துறையின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் திரும்பியவன். இரண்டு பட்டங்களின் பேரிலும் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்பதால், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து, இதே முடிச்சோடு நிற்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கல்லூரிப் பேராசிரியர் பணியை நாடுவோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த உலகில் முனைவர் பட்டத்தின் எடை வேறு. இங்கே பேசுவது தொழில் நிறுவனங்களைப் பற்றி மட்டுமே.

முதலில் பட்டத்தை மறந்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். ரப்பர் ஆலையில் இயற்கை ரப்பர், கார்பன் பிளாக், துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், கந்தகம், வினைவேகத்தைக் கூட்டும் ஆக்சிலரேட்டர் ஆகியவற்றை அளந்து மிக்ஸரில் கலக்கிறார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஒரு துண்டு ஆய்வகத்துக்கு வரும். அதை ரியோமீட்டரில் வைத்தால், சூட்டில் ரப்பர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறுகுகிறது என்பதைச் சில நிமிடங்களில் ஒரு வளைகோடாக வரைந்து காட்டிவிடும். அந்தக் கோடு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டது. உள்ளே இருந்தால் பேட்ச் அடுத்த பிரிவுக்குப் போகும். வெளியே போனால் நிறுத்தி வைக்க வேண்டும். ஏன் வெளியே போனது என்று கண்டுபிடிப்பது எளிய வேலை அன்று. கந்தகத்தை எடை போட்டதில் தவறா, கார்பன் பிளாக்கில் ஈரம் ஏறிவிட்டதா, மிக்ஸரின் சூடு அன்று கூடிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். நல்ல எம்.எஸ்சி. பட்டதாரி இரண்டு ஆண்டுகளில் இதில் கை தேர்ந்துவிடுவார். இதற்கு முனைவர் பட்டம் வேண்டியதில்லை. இன்னும் சொன்னால், மிக்ஸிங் மில்லில் முப்பது ஆண்டு நின்ற ஒரு மேஸ்திரி, மாதிரி ஆய்வகத்துக்கு வருமுன்பே காம்பவுண்டின் பளபளப்பையும் வாசனையையும் வைத்து "இதுல ஏதோ விட்டுப்போச்சு சார்" என்று சொல்லி, அது சரியாகவே இருந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது அதே ஆலையில் வேறொரு கேள்வி எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் உருளும் தடையைக் குறைத்தால் வண்டிக்கு எரிபொருள் மிச்சமாகும். அதற்காக டயரின் தரையில் படும் பகுதிக்கான ரப்பர் கலவையில் (டிரெட் காம்பவுண்டில்) கார்பன் பிளாக்கின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு சிலிக்காவைச் சேர்க்க வேண்டும். சிலிக்காவின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருப்பதால் அது ரப்பரோடு ஒட்டாமல் தனக்குள்ளேயே திரண்டுகொள்ளும். இரண்டையும் இணைக்க சிலேன் என்னும் சேர்மம் தேவை. அந்த வினை மிக்ஸருக்குள்ளேயே நடந்தாக வேண்டும்: சூடு குறைந்தால் வினை முழுமை பெறாது, கூடினால் ரப்பர் அச்சுக்குப் போகுமுன்பே இறுகத் தொடங்கிவிடும். ஆலையின் சொந்த ரப்பருக்கும் சொந்த மிக்ஸருக்கும் எந்த எல்லை சரி என்பதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. எதை அளப்பது, எந்த அளவீட்டை நம்புவது, பத்துச் சோதனைகள் போதுமா அல்லது அறுபது வேண்டுமா, முன்னர் வெளிவந்த கட்டுரைகளில் எது நம் ஆலைக்குப் பொருந்தாது என்பதையெல்லாம் அந்த ஆளே தீர்மானித்து, ஓராண்டு கழித்து உற்பத்தித் தலைவர் முன்னால் நின்று தன் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் முனைவர் பட்டம் பெற்றவரைத் தேடுவது இந்த வேலைக்குத்தான். அவருக்கு வேதியியல் கூடுதலாகத் தெரியும் என்பது அதில் பாதிக் காரணம். விடை தெரியாத ஒன்றோடு நான்கைந்து ஆண்டுகள் மல்லுக்கட்டி, அதை எழுதி முடித்து, அந்நியர் இருவர் மதிப்பிட்டு ஏற்றுக்கொள்ளும் வரை கொண்டு சேர்த்தவர் என்பதே மீதிப் பாதி.

ஆகவே அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பத்து வருஷம் கழித்து இந்த இரண்டு மேசைகளில் எந்த மேசையில் உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறாய்?" என்பதுதான். முதல் மேசை தாழ்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். உற்பத்தி, தரம், கொள்முதல், வாடிக்கையாளர் தொழில்நுட்பச் சேவை என்று அந்த மேசையிலிருந்து பிரியும் வழிகள் ஏராளம். ஆலைத் தலைவர்கள் பலரும் அந்த வழியாகவே மேலே வந்திருக்கிறார்கள். இரண்டாவது மேசையிலிருந்து பிரியும் வழிகள் குறைவு. ஆனால் அந்த மேசையை எம்.எஸ்சி.யோடு மட்டும் எட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும், திறமையைக் கண்டுகொள்ளும் மேலதிகாரி ஒருவரும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் தேவைப்படுகின்றன. எட்டாமலே ஓய்வு பெற்ற, என்னைவிடக் கெட்டிக்காரர்களான இருவரை எனக்குத் தெரியும். ஆராய்ச்சிப் பிரிவில் இடம் காலியானபோதெல்லாம் பட்டத்தைக் காரணம் காட்டியே அவர்களைத் தாண்டி வேறொருவரை எடுத்தார்கள். அது நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனாலும் அப்படித்தான் நடந்தது.

எந்தத் துறை எந்தப் பட்டத்தைக் கேட்கிறது என்பது அடுத்தது. புதிய மருந்து மூலக்கூறுகளைத் தேடும் ஹைதராபாத், பெங்களூரு நிறுவனங்களில் கரிம வேதியியல் எம்.எஸ்சி. பட்டதாரிகளை நிறையவே எடுக்கிறார்கள். ஆனால் எந்த வழியில் ஒரு மூலக்கூறைக் கட்டுவது என்று வகுக்கும் குழுத் தலைவர்கள் பெரும்பாலும் முனைவர்கள். அங்கே எம்.எஸ்சி.க்கு ஒரு கூரை உண்டு; அது சில ஆண்டுகளிலேயே தலையில் தட்டும். பேட்டரி, எரிபொருள் மின்கலம், அரிமானத் தடுப்பு போன்ற மின்வேதியியல் துறைகளிலும் புதிய பொருள்களை உருவாக்கும் பிரிவுகள் முனைவர்களையே நாடுகின்றன. மாறாக, மருந்துத் தயாரிப்பு ஆலைகளின் தரக் கட்டுப்பாடு, பகுப்பாய்வு, அரசு அனுமதிகளுக்கான ஆவணப் பணி, உணவு, பால், நூல், காகிதம், சிமென்ட், சிவகாசிப் பக்கத்து வேதிப்பொருள் வேலைகள் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டமே நிறைவானது. பல இடங்களில் பி.எஸ்சி.யே போதும். 1992-இல் மதுரையில் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைக் குறைந்த விலையில் தயாரித்து உலகின் பல நாடுகளுக்கு அனுப்பிவரும் ஆரோலேப் போன்ற மருத்துவப் பொருள் தயாரிப்பையே எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய இடத்தில் ஒவ்வொரு தொகுதியும் கிருமி நீக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்து பதிவுசெய்யும் பணியும், புதிய லென்ஸ் பொருள் ஒன்று கண்ணின் திசுவோடு எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராயும் பணியும் ஒரே வளாகத்துக்குள் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கான தயாரிப்பு மற்றொன்றுக்கு உதவாது.

ஊரைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதுரையைச் சுற்றி டயர், பெல்ட், போல்ட்டு, நூற்பாலை, மருத்துவப் பொருள், மென்பொருள் என்று தொழில்கள் இருந்தாலும், முனைவர் பட்டம் கட்டாயம் என்று கேட்டு ஆள் எடுக்கும் இடங்களை, நான் பார்த்த வரையில், விரல்விட்டு எண்ணிவிடலாம். முனைவர் பட்டத்தோடு தொழில்துறைக்குப் போவது என்றால் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று பெட்டி கட்டத் தயாராக இருக்க வேண்டும். வயதான பெற்றோருக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும், உசிலம்பட்டியிலிருந்து போய் வரும் தூரத்தில்தான் வேலை வேண்டும் என்பவருக்கு எம்.எஸ்சி.யோடு வேலையில் சேர்வதே பொருத்தம். அவருக்கு முனைவர் பட்டம் வாய்ப்பைக் கூட்டாது, குறைக்கவும் செய்யலாம். தர ஆய்வக வேலைக்கு முனைவர் ஒருவர் விண்ணப்பித்தால், இவர் நிலைக்க மாட்டார் என்று நினைத்து மனிதவளத் துறையினர் அந்தத் தாளை ஓரம் வைத்துவிடுவதுண்டு. பட்டத்தை மறைத்து விண்ணப்பித்த ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டு அதே பொய்யோடு வேலை பார்த்த அவர் பட்ட மனவேதனையை இன்னொருவர் பட வேண்டாம்.

பணக் கணக்கில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். என் தங்கையும் செய்தாள். முனைவர் பட்டம் என்றால் ஐந்து ஆண்டு வருமானம் போய்விடும் என்று அவள் நினைத்தாள். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குழு ஒன்று மதிப்பிட்டு எஸ்.ஆர்.எஃப். என்னும் மூத்த ஆய்வாளர் நிலைக்கு உயர்த்தினால் 42,000 ரூபாய். இரண்டு ஆண்டு முன்னதும் மூன்று ஆண்டு பின்னதும் கிடைத்தால், மொத்தம் 8,88,000-மும் 15,12,000-மும் சேர்ந்து 24 லட்ச ரூபாய் ஆகிறது. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. இப்போது தொழிற்சாலை வேலை: மாதம் 20,000 ரூபாயில் தொடங்கி, ஆண்டுக்குப் பத்து சதவீத இன்கிரிமென்ட் தவறாமல் கிடைக்கிறது என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஐந்து ஆண்டுகளில் வருவது ஏறத்தாழ 14 லட்சத்து 65 ஆயிரம். அதாவது, ஜே.ஆர்.எஃப். பெற்ற வேதியியல் மாணவிக்கு முனைவர் பட்ட ஆண்டுகள் வருமான இழப்பே அல்ல. அந்த ஐந்து ஆண்டுகளில் ஆலை வேலையைவிட ஒன்பது லட்சத்துக்கும் மேல் கூடுதலாகவே வருகிறது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அடுப்படியிலிருந்து என் தங்கை வெளியே வந்து நின்று கேட்டாள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உதவித்தொகை எல்லா மாதமும் முதல் தேதியில் வந்துவிடாது. சான்றிதழ் ஒன்று தாமதமானாலும் மாதக்கணக்கில் தேங்கி, பிறகு மொத்தமாக வரும். வீட்டில் நகைக்கடனுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது என்றால், முதல் ஆண்டுக்கென ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே எடுத்து வைக்காமல் இறங்கக் கூடாது.

ஆனால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் அந்த உதவித்தொகை கையில் இருப்பதை நம்பியே நிற்கிறது. உதவித்தொகை எதுவும் இல்லாமல், பல்கலைக்கழகக் கட்டணத்தையும் வேதிப்பொருள் செலவையும் சொந்தப் பணத்தில் கட்டிக்கொண்டு, தொழில்துறை வேலையை மனத்தில் வைத்து முழுநேர முனைவர் பட்டத்தில் சேர்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பணம் மட்டும் இதற்குக் காரணம் அன்று. பணமில்லாத ஆய்வு, கருவியில்லாத ஆய்வாகவும் ஆகிவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஐந்து ஆண்டு கழித்து நேர்காணலில் "இந்தக் கருவியை நீங்களே இயக்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டால், மாதிரியை வெளியூருக்கு அனுப்பி அளவீட்டை வாங்கியவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

காலத்தைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்கின்றன; மறுபதிவு செய்தால் இரண்டு ஆண்டுகள் நீளும், பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு உண்டு, மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்குமாக 240 நாள்கள் வரை விடுப்பும் உண்டு. மூன்று ஆண்டில் முடிப்பவர் அரிது. சோதனை சார்ந்த அறிவியலில் ஐந்து என்று வைத்துக்கொள்வதே நேர்மை. சினாப்சிஸ் என்னும் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வெளித் தேர்வாளர்களின் அறிக்கை வந்து, வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முடிவதற்குள் மாதங்கள் பல ஓடிவிடும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் உதவித்தொகையும் நின்றிருக்கும். இருபத்திரண்டு வயதில் தொடங்கும் பெண்ணுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டில் முடியும். எங்கள் பக்கத்தில் அந்த ஐந்து ஆண்டுகள் முழுவதும் ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் அவளுடைய அம்மாவை யாராவது ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். இந்தச் சுமை பையன்களுக்கு இல்லை, பெண்களுக்கு இருக்கிறது. வீட்டார் அதைத் தாங்கிக்கொள்ளத் தயாரா என்பதைச் சேருமுன் வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. என் தங்கையின் கணவர், மகள் விரும்பும் வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று என் முன்னால் சொல்லியிருக்கிறார்.

நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைப்பது கைடு யார் என்பதைத்தான். என் அனுபவத்தைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. நான் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தபோது என் முதல் நெறியாளரிடம் பதினான்கு ஆய்வு மாணவர்கள் இருந்தார்கள். அவர் கெட்டவர் அல்லர். பதினான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்க அவரிடம் நேரம் இல்லை, அவ்வளவுதான். திட்ட நிதி ஓராண்டில் முடிந்தது. எனக்கு வேண்டியிருந்த கருவி பழுதாகிப் பத்து மாதம் கிடந்தது. எழுதிக் கொடுத்த முதல் அத்தியாயம் அவர் மேசையில் ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த சித்திரை வரை திறக்கப்படாமல் இருந்தது. கைக்குழந்தையோடு என் மனைவி பிறந்த வீட்டில் இருக்க, முப்பத்திரண்டு வயதில், எட்டு ஆண்டு அனுபவமுள்ள ஒரு வேதியியலாளன், மாதக் கடைசியில் பேருந்துக் கட்டணத்துக்கு நண்பனிடம் கேட்ட நாள்கள் அவை. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தலைப்பையும் நெறியாளரையும் மாற்றிக்கொண்டேன். இரண்டாமவர் வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை காலையில், அரை மணி நேரம் உட்கார்ந்து என் அளவீடுகளைப் பார்த்தார். அந்த அரை மணி நேரம்தான் என் முனைவர் பட்டம். அதன் பிறகு மூன்றே ஆண்டுகளில் முடித்தேன்.

இன்றைய விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருக்கக் கூடாது. அது நல்ல மாற்றம். மாணவருக்கு இன்று இன்னொரு வசதியும் இருக்கிறது. நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஏற்ற ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் பதிவேற்றப்படுகின்றன. ஒரு நெறியாளரின் பெயரைப் போட்டுத் தேடினால், அவரிடம் எத்தனை பேர், எந்த ஆண்டுகளில், எந்தத் தலைப்புகளில் முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தப் பெயர்களை வைத்து, அவர்கள் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று தேடிப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். பத்துப் பேரில் எட்டுப் பேர் கல்லூரிகளில் இருந்தால் அந்த ஆய்வகம் கல்லூரி வேலைக்கான ஆய்வகம். நான்கு பேராவது நிறுவனங்களில் இருந்தால், அந்த நெறியாளரின் தொலைபேசியை எடுத்துப் பேசத் தொழில்துறையில் ஆள் இருக்கிறார்கள் என்று பொருள். பிறகு நேரில் போய், நெறியாளர் இல்லாத நேரத்தில், அங்கே படிப்பவர்களோடு தேநீர் குடித்துக்கொண்டே கேட்க வேண்டியவை மூன்று: கடைசியாக ஒருவர் முடித்தது எப்போது, கருவி பழுதானால் யார் சரி செய்கிறார்கள், எழுதிக் கொடுத்ததைத் திருப்பித் தர அவருக்கு எத்தனை நாளாகிறது. பதில் வருவதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கணினி படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். எங்கள் தெருவில் கணினிப் பொறியியல் முடித்த பையன் ஒருவனுக்கு மாதம் 50,000 ரூபாயில் வேலை கிடைத்திருக்கிறது. அதே பத்து சதவீத உயர்வில் ஐந்து ஆண்டில் அவனுக்கு வரக்கூடியது 36 லட்சத்துக்கும் மேல். கேட் என்னும் நுழைவுத் தேர்வெழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இரண்டு ஆண்டில் மூன்று லட்சம்கூட இல்லை. மென்பொருள் எழுதுவதற்கோ, ஏற்கெனவே இருக்கும் கணினி மாடல்களை எடுத்து ஒரு நிறுவனத்தின் தேவைக்குப் பொருத்துவதற்கோ முனைவர் பட்டம் தேவையில்லை, எம்.டெக்.கே தேவையா என்பதும் கேள்விதான். புதிய கணக்கீட்டு முறைகளையே உருவாக்கும் ஆராய்ச்சிக் குழுக்களில் சேர வேண்டுமென்றால் மட்டும் முனைவர் பட்டம் தேவை. அந்தக் குழுக்கள் சிறியவை, போட்டி கடுமையானது, எந்தக் கல்லூரியில் யாரிடம் படித்தார் என்பதை நுணுகிப் பார்ப்பவை. பிரதமரின் ஆய்வு உதவித்தொகை போல மாதம் 70,000 ரூபாயில் தொடங்குவது கையில் இருந்தால் அவனும் யோசிக்கலாம். இல்லையென்றால் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, ஆசை அப்போதும் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதே அவனுக்கு நல்லது.

வேலைக்குப் போய்விட்டுப் பிறகு முனைவர் பட்டத்துக்கு வரும் இந்த மூன்றாவது வழியை நம் வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2022 விதிகள் பகுதிநேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கின்றன. பணியிடத்திலிருந்து ஆட்சேபமில்லாச் சான்றிதழ் வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில், நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே பதிவு செய்ய வெளிப் பதிவுத் திட்டம் இருக்கிறது. ஆலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தவர் எந்தக் கேள்வி ஆராயத் தக்கது என்று தெரிந்துகொண்டு வருகிறார். நேராகப் படிப்பிலிருந்து வருபவருக்கு அது தெரிவதில்லை. நானே அப்படி வந்தவன் என்பதால் இந்த வழியின் மீது எனக்குச் சாய்வு உண்டு. ஆனால் இதன் குறையையும் சொல்ல வேண்டும். ஜே.ஆர்.எஃப். தேர்வுக்கு வயது வரம்பு உண்டு. பெற்ற தகுதிக் கடிதமும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். இன்று கையில் இருக்கும் உதவித்தொகையை விட்டுவிட்டு, மூன்று ஆண்டு கழித்து வருகிறேன் என்றால் அது காத்திருக்காது. ஷிஃப்ட் முடிந்து வந்து இரவில் ஆய்வேடு எழுதுவதாகச் சொல்லித் தொடங்கியவர்களில் பாதிப் பேர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அதைப் பரணில் போட்டுவிட்டதையும் பார்த்திருக்கிறேன். சம்பளம் கைக்குப் பழகிய பிறகு அதை விடுவது, பழகாதபோது விடுவதைவிட மிகக் கடினம்.

ஆகவே என் முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. உதவித்தொகை இல்லை என்றால் வேலை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உதவித்தொகை இருந்தும், மனம் உற்பத்தியிலும் ஆலையின் ஓட்டத்திலும் ஊரிலும் இருந்தால், அப்போதும் வேலைதான். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்வதற்காக ஐந்து ஆண்டுகளைக் கொடுக்க வேண்டாம். மருந்து, பேட்டரி, பாலிமர் போன்ற துறைகளில் புதியதை உருவாக்கும் மேசை வேண்டும், உதவித்தொகையும் இருக்கிறது என்றால் முனைவர் பட்டம். ஆனால் நெறியாளரைக் கண்டுபிடித்த பிறகு மட்டுமே. நல்ல நெறியாளர் கிடைக்காமல் கடைசித் தேதி நெருங்குகிறது என்பதற்காகக் கிடைத்தவரிடம் சேர்வதைவிட, ஓராண்டு ஆலையில் இருந்துகொண்டே தேடுவது எவ்வளவோ மேல்.

என் தங்கை மகளைப் பொறுத்தவரை நான் முனைவர் பட்டத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம் அவளுடைய மதிப்பெண் அல்ல. சென்ற ஆண்டு அவளுடைய புராஜெக்ட்டில் ஓர் அளவீடு முதல் முறை வந்தது போல இரண்டாம் முறை வரவில்லை. உடன் படித்தவர்கள் முதல் எண்ணையே எழுதி முடித்துவிடச் சொன்னார்கள். அவள் மூன்று வாரம் அதையே திரும்பத் திரும்பச் செய்து, கரைப்பானில் தண்ணீர் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தாள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் குடும்பமே மதுரைக்கு வந்திருந்தபோது, அவள் மட்டும் மறுநாள் ஆய்வகம் திறந்ததும் செய்ய வேண்டியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மேசைக்கு வேண்டியது இந்தப் பிடிவாதம். இதை எந்தப் படிப்பும் புதிதாகக் கொடுத்துவிடாது.

மின்வேதியியலில் அவளுக்கு விருப்பம் இருப்பதால், காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இடம். பேட்டரி, அரிமானம், மின்முலாம் என்று அங்கே நடக்கும் ஆய்வுகள் தொழிற்சாலைக்கு நெருக்கமானவை. உசிலம்பட்டிப் பெண்ணுக்கு மாட்டுத்தாவணியில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். இரண்டு நெறியாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தாள். ஒருவர் வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஷோத்கங்காவில் அவர் பெயரைப் போட்டு ஆய்வேடுகளின் பட்டியலை எடுத்து, அதில் முடித்தவர்களில் மூவர் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

தொழிற்சாலைக்கு இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போதே மறுத்துவிட வேண்டாம், செவ்வாய்க்கிழமை போய் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். என்றாவது ஒருநாள் பகுதிநேரமாகப் படிக்க நிறுவனம் சான்றிதழ் தருமா என்று அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கச் சொன்னேன். அவளுடைய அம்மா, காரைக்குடிக்குத் தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.